ஒரு நடைக்கு ஒரே குதிரை

கிலோக்காவிடம் யாராவது வாய் தவறி, "சும்மா ஒரு நூறு கிலோதானே, என்ன ஆயிடப்போகுது" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். சொன்னவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நிற்க வைத்துக் கேட்பாள். அந்த நூறு கிலோவை உன் முதுகில் கட்டி, இறக்கத்தில் ஓடவிட்டு, பாதி வழியில் நில் என்றால் நிற்பாயா? கேட்டவர்கள் சிரித்து மழுப்புவார்கள். அவள் சிரிக்க மாட்டாள். மற்ற எதில் வேண்டுமானாலும் அவளைக் கேலி பேசலாம், எடையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது.

பெயர் வந்த கதை சிறியது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் பதினெட்டு வருடம் அவளுக்கு வேலை. ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு தகரக் கூண்டு, ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு மேசை, ஒரு முத்திரைக்கட்டை. லாரி மேடையில் ஏறும், எண் சிவப்பாக ஒளிரும், சீட்டில் எழுதி முத்திரை குத்தி நீட்டுவாள். அங்கே டிரைவர்கள் செய்யாத தகிடுதத்தம் இல்லை. ஒருவன் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே அரையடி விட்டு நிறுத்துவான். ஒருவன் காலி வண்டியை எடை போடும்போது தண்ணீர் கேன், ஸ்டெப்னி, கூட வந்த மச்சான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வருவான், பாரத்தோடு வரும்போது மச்சான் நடந்து வருவார். கிலோக்கா எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் டயரின் வயிற்றைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, இன்னும் ஒரு டன் எங்கேப்பா ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். டிரைவர்கள் வைத்த பெயர்தான் கிலோ அக்கா, போகப்போக அது கிலோக்கா ஆயிற்று.

அப்புறம் ஒரு நாள் கேமராவும் கணினியும் வந்தன. கூண்டுக்குள் ஆள் தேவையில்லை என்றார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பினார்கள். நாற்பத்தைந்து வயதில் கையில் கிடைத்த தொகையை வைத்து மற்றவர்களாக இருந்தால் வீட்டுக்கு ஓடு மாற்றியிருப்பார்கள். இவள் ஒரு பழைய சின்ன பிக்கப்பும், அதன் பின்னால் மாட்டி இழுக்க, இரண்டு குதிரை நிற்கிற மாதிரி ஒரு ட்ரெய்லரும் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சாதுவான மனிதர். நாலு கால் இருக்கிற எதுவும் நாற்காலியாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து ட்ரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இதில் நிஜக் குதிரை ஏறுமா என்று கேட்டார். ஏறும் என்றாள். சரி, உன் இஷ்டம், ஆனால் என்னைக் கயிறு பிடிக்கச் சொல்லாதே என்று உள்ளே போய்விட்டார். குதிரை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. சவாரிப் பள்ளி இரண்டு, ஊர் ஓரத்தில் ஆசைக்கு வளர்ப்பவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் பெரிய கால்நடை மருத்துவமனை. குதிரைக்கும் போக்குவரத்து உண்டு என்று கூண்டுக்குள் இருந்தே அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அண்ணன்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஆறு லாரி, ஒரு ஷெட். தங்கச்சி மேல் பாசம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அந்தப் பாசம் எப்போதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் வரும். வா, என் ஷெட்டில் உட்கார், ஃபேன் இருக்கிறது, டிரிப் ஷீட் எழுது. அவள் மாட்டேன் என்றாள். இந்தச் சுண்டைக்காய் வண்டியை வைத்துக்கொண்டு குதிரையை இழுக்கப் போகிறாயா, குதிரைதான் உன்னை இழுத்துக்கொண்டு போகும் என்றார். ரோஷக்காரி அல்லவா, வாயை விட்டாள். ஒரு வருடம். ஒரு வருடத்தில் இந்த வண்டி தன் காலில் நிற்கவில்லை என்றால் ட்ரெய்லரை விற்றுவிட்டு ஷெட்டுக்கு வருகிறேன். அண்ணன் அந்தத் தேதியை ஷெட் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார்.

அவள் வண்டி ஓட்டின முறையைச் சொல்ல வேண்டும். பிக்கப்போடு வந்த கையேட்டில் ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருந்தது. ட்ரெய்லர் காலியாக எண்ணூற்றைம்பது. ஒரு குதிரை ஐந்நூறு. ஆக ஆயிரத்து முந்நூற்றைம்பது, தீனியும் கயிறும் சேர்த்தாலும் கைக்கு அடக்கம். இரண்டாவது குதிரை ஏறினால் வரம்புக்கு மேல் முந்நூற்றைம்பது கிலோ கூடிவிடும். அதனால் ஒரு நடைக்கு ஒரே குதிரை. ட்ரெய்லரில் இரண்டு பேருக்கு இடம் இருப்பதைப் பார்த்து, ஏன் ஒன்று என்று கேட்காதவர்கள் கிடையாது. இலையில் இடம் இருக்கிறது என்பதற்காக இரண்டு சாப்பாடு சாப்பிடுவோமா என்று திருப்பிக் கேட்பாள்.

அந்த ஒற்றைக் குதிரையையும் வலது பக்கத் தடுப்பில்தான் நிறுத்துவாள். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், பாரம் மேட்டுப் பக்கம் இருந்தால்தான் ட்ரெய்லர் ஓரத்துக்குச் சாயாது. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஆள் எடை பார்க்கிற சின்னத் தராசை எடுத்து வந்து, ட்ரெய்லரின் மூக்கை ஒரு கட்டைமேல் வைத்து அந்தத் தராசில் நிறுத்திப் பார்ப்பாள். மூக்கில் எழுபது கிலோவாவது உட்கார வேண்டும். முதல் மாதத்தில் இதில் அவளே ஏமாந்தாள். ஒரு வாடிக்கையாளர், இறக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சேணம், தண்ணீர் கேன், தீவன மூட்டை எல்லாவற்றையும் பின்கதவு ஓரமாக அடுக்கிவிட்டார். குதிரைக்காரர்கள் எல்லாருமே செய்கிற வேலைதான் அது. பின்பாரம் கூடி மூக்கு லேசாகிவிட்டது. இறக்கத்தில் ட்ரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆட ஆரம்பித்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டம் தானாக அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். ஊருக்கெல்லாம் உபதேசம், உனக்கு எங்கே போச்சு புத்தி என்று. அன்றிலிருந்து எவர் அடுக்கினாலும் இறக்கி, முன்பக்கமாக மறுபடி அவளே அடுக்குவாள். வீட்டுக்காரர் கூட வருவதாக இருந்தால் அவரையும் தராசில் ஏற்றுவாள்.

"ஏங்க, போன மாசத்துக்கு இந்த மாசம் ரெண்டு கிலோ கூடியிருக்கீங்க."

"சட்டைப்பையில கத்திரி இருக்கும்மா," என்பார் பாவம்.

இவ்வளவு பார்த்தால் தொழில் எப்படி ஓடும்? நொண்டி நொண்டித்தான் ஓடியது. இரண்டு குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு தடவை கூப்பிட்டு மறுதடவை கூப்பிடவில்லை. அறுபதுக்கு மேல் போக மாட்டாள், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே களைத்துவிடுவான் என்று ஊரில் பேச்சு. குதிரை ஒன்று வைத்திருப்பவர்கள் மட்டும் வந்தார்கள், அதுவும் எப்போதாவது. இப்படியே பதினோரு மாதம் நெருங்கி, காலண்டர் வட்டத்துக்கு ஐந்து வாரம் பாக்கி இருந்தபோதுதான் சவாரிப் பள்ளி முதலாளி ஆள் அனுப்பினார்.

அவருடைய பெரிய வண்டியின் டிரைவர் கால் ஒடிந்து படுத்திருந்தான். மலைக்கு அந்தப் பக்க ஊரில் போட்டி. பள்ளியின் செம்பழுப்புக் குதிரையும் வெள்ளைப் பெண்குதிரையும் போக வேண்டும். செம்பழுப்புக்குக் காலை பத்து மணிக்கு முறை, வெள்ளைக்கு மதியம் மூன்றுக்கு. இது ஒழுங்காக முடிந்தால் ஒரு வருடத்துக்குப் பள்ளியின் எல்லா நடையும் உனக்குத்தான், எழுதியே தருகிறேன் என்றார். கிலோக்கா மனசுக்குள் காலண்டர் வட்டத்தை எண்ணிப் பார்த்தாள். அந்த ஒரு எழுத்து கிடைத்தால் ட்ரெய்லர் நிற்கும், ஷெட் நாற்காலி ஒழியும். ஆனாலும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டாள்: இரண்டு நடை, ஒன்று அடித்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாடகைதான். நேரம் தாராளமாக இருந்தது. இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது, கத்திக் கூப்பாடு போடும் என்று அவர் முனகினார். அப்புறம், சரி சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் பார்த்துக்கொள்ளலாம் என்றதை இவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

போட்டியன்று பொழுது புலரும்போதே வீட்டுக்காரரோடு பள்ளி முற்றத்துக்குப் போய்விட்டாள். அங்கே அண்ணனின் லாரியும் நின்றது. போட்டிக்கான வேலித் தட்டிகளைக் கொண்டுபோக முதலாளி அவரைத்தான் பிடித்திருந்தார். பெரிய வேலை என்பதால் டிரைவரோடு அண்ணனும் வந்திருந்தார். ட்ரெய்லரின் மூக்கு எடை பார்த்தாள், கொக்கி பார்த்தாள், விளக்கு பார்த்தாள், வலது தடுப்பில் தீனி வலையைக் கட்டினாள். கை கழுவ முற்றத்துக் கோடியில் இருந்த குழாய்க்குப் போனாள். போய் வந்தது ஐந்து நிமிடம் இருக்குமா? ட்ரெய்லரின் பின்கதவு சாத்தியிருந்தது. முதலாளி காரின் கதவில் கை வைத்துக் கிளம்பத் தயாராக நின்றார். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லாயக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

கிலோக்கா கதவைத் திறந்து பார்க்கவில்லை. டயரைப் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கு," என்றாள்.

முதலாளி இதை எதிர்பார்த்திருந்தார். ஏறிவிட்டன, இரண்டும் சமர்த்தாக நிற்கின்றன, கதவைத் திறந்து மறுபடி கலவரப்படுத்தாதே என்றார். வழக்கமாக எல்லாரும் சொல்கிறதைத்தான் அவரும் சொன்னார். ஒரு தடவைதானே, மெதுவாகப் போ.

"உன் வண்டி இழுத்துரும்மா. நான் பாத்திருக்கேன், இதுக்கு மேலயும் இழுக்கும்."

"இழுக்கும் சார். நிக்காது."

இழுப்பது ஒரு பெரிய காரியமா? கயிறு கட்டிவிட்டால் எவனும் எதையும் இழுப்பான். மலை இறங்கும்போது முன்னால் இருக்கிற ஆயிரத்து முந்நூறு கிலோ பிக்கப்பை, பின்னால் இருக்கிற ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ ட்ரெய்லர் நெட்டித் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது நாலு சின்னச் சக்கரம். இதை அவள் விளக்கமாகச் சொன்னாள். முதலாளி கேட்கிற நிலையில் இல்லை. முற்றத்தில் பத்துப் பேர் பார்க்கிறார்கள், ஒரு வாடகை வண்டிக்காரி தன்னை நிற்க வைத்துப் பாடம் நடத்துகிறாள் என்பதுதான் அவருக்கு உறுத்தியது. அண்ணன் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள் என்றார். அண்ணன் சொன்னார். பெரிய மனிதரைப் பகைக்காதே, ஊர் உலகத்தில் எல்லாரும் கூடக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள், வந்த லட்சுமியை எட்டி உதைக்காதே. வீட்டுக்காரர் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் அவ்வளவு தூரம் குதிரைக்குக் கிட்டே வந்ததே முதல் தடவை.

"ஒண்ணை இறக்குங்க. இல்லேன்னா ரெண்டையும் இறக்குங்க. நான் சாவி போட மாட்டேன்," என்றாள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் உன் பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டு, ட்ரெய்லரை மட்டும் விட்டுவிட்டுப் போ, உன் அண்ணன் லாரி இழுக்கும் என்றார். லாயக்காரரிடம் கையை ஆட்டினார். லாயக்காரர் நேரே பிக்கப் கொக்கியிடம் போனார். கிலோக்கா மறித்துக்கொண்டாள். குதிரை உள்ளே நிற்கும்போது ட்ரெய்லரைக் கழற்றினால் அது சீசாப் பலகை மாதிரி ஒரு பக்கம் தூக்கிவிடும், முதலில் குதிரையை இறக்கு என்றாள். அந்த ஆள் எரிச்சலோடு பின்பக்கம் போய், குதிரையின் பின்னால் குறுக்கே போட்டிருந்த கம்பியில் கை வைத்தார்.

"தலைக்கயிறு முதல்ல," என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அவளுக்கு அது விட்டுப்போகவில்லை. பின்கம்பியை எடுத்தால் குதிரை வழி கிடைத்தது என்று பின்னால் வரும். தலை கட்டியிருந்தால் கயிறு இழுக்கும், மிரண்டு எகிறும், கழுத்து முறியும். லாயக்காரருக்கும் இது தெரியும், கோபத்தில் மறந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு முன்பக்கம் போய்த் தலைக்கயிற்றை அவிழ்த்தார். இரண்டு குதிரையும் பின்னால் நடந்து வந்து முற்றத்தில் இறங்கின. வெள்ளை நீளமாகக் கனைத்தது.

பிக்கப் விலகியது. லாரி பின்னால் வந்தது. லாரியில் இழுப்பதற்கு அவள் தடை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ட்ரெய்லர் இரண்டு குதிரைக்குச் செய்ததுதான், லாரிக்கு அது தூசு. வம்புக்கு முடியாது என்கிறவள் இல்லை அவள். லாரியின் பின்னால் இழுவைக்கென்று ஓர் இரும்புக் குண்டு இருந்தது, சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தை மாட்டி இழுப்பதற்கு வைத்தது. ட்ரெய்லரின் மூக்கில் இருந்த இரும்புக் கிண்ணம் அந்தக் குண்டின் மேல் கவிழ்ந்தது. பூட்டு டக்கென்று விழுந்தது. முதலாளி கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஏத்துப்பா குதிரையை என்றார்.

கிலோக்கா குனிந்து பார்த்தாள். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டிய கொக்கியைப் பார்வையால் அவள் என்றைக்கும் நம்பினதில்லை. தன் வண்டியில் ஒவ்வொரு நாளும் செய்வதையே செய்தாள். ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் கைப்பிடி வைத்த சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு மேலே எழும்பும். கொக்கி ஒழுங்காகப் பிடித்திருந்தால் மூக்கோடு சேர்ந்து இழுக்கிற வண்டியின் பின்பக்கமும் எழும்பப் பார்க்கும், கைப்பிடி மேற்கொண்டு சுற்றாமல் இறுகும். சுற்றினாள். நாலு சுற்றுக்கு இறுகவில்லை. ஐந்தாவது சுற்றில், பூட்டு பூட்டியபடியே, கிண்ணம் குண்டைவிட்டு வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. குண்டு சின்னது. கிண்ணம் பெரியது. இடையில் ஒரு விரல் போகிற சந்து.

முதல் வேகத்தடையில் கழன்றிருக்கும் என்று ஒருத்தருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு குண்டு வாங்கலாம் என்றால் அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

முதலாளி மணியைப் பார்த்தார். உன் இஷ்டப்படி பண்ணித் தொலை என்று காரில் ஏறிப் போய்விட்டார். கிலோக்கா பிக்கப்பைத் திரும்ப மாட்டினாள், கைப்பிடி சுற்றிப் பார்த்தாள், செம்பழுப்பை வலது தடுப்பில் ஏற்றினாள். அதைக் கண்டதும், லாயத்தில் திரும்ப அடைத்திருந்த வெள்ளை குதித்துக் கதவை உதைக்க ஆரம்பித்தது. லாயக்காரர் போட்டிக்குப் போக வேண்டியவர். கூட யார் இருப்பது? கிலோக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பாதி தைத்த சட்டையை எடுத்து, ஒரு முக்காலியைத் தூக்கி, லாயக் கதவிலிருந்து எட்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன பேசறது அதுகிட்ட?" என்றார்.

"எங்கிட்ட பேசறதையே பேசுங்க. பதில் சொல்லாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

மலைப்பாதையில் அன்று நல்ல நெரிசல். அவள் அறுபதைத் தாண்டவில்லை. ஏற்றத்தில் பின்னால் பதினைந்து வண்டி சேர்ந்துவிட்டது, அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி வழிவிட்டாள், அப்படியும் ஒருவன் கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கி, இதை இழுக்க ஒரு கழுதையைக் கட்டலாமே என்று கத்திவிட்டுப் போனான். போடா பெரிய குதிரை என்று இவளும் சொன்னாள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. உச்சியிலேயே இரண்டாவது கியருக்கு வந்து, இன்ஜினின் பிடியிலேயே இறங்கினாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்பே பிரேக்கைத் தொட்டு விட்டாள். பின்னால் இருக்கிற ஐந்நூறு கிலோ உயிர், காலை மாற்றி வைத்தால்கூட ஸ்டியரிங்கில் அவளுக்குத் தெரிந்தது. எட்டரைக்குப் போட்டி மைதானம். குதிரைக்கு வியர்வை கூட இல்லை.

திரும்ப வந்தபோது முக்காலி எட்டடியிலிருந்து இரண்டடிக்கு நகர்ந்திருந்தது. வெள்ளை கதவுக்கு மேலே கழுத்தை நீட்டி, வீட்டுக்காரர் தலைமயிரை மோந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மதியம் ஒன்றரைக்கு வெள்ளையும் மைதானத்தில் இறங்கிவிட்டது. அதன் முறைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

முதலாளி சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். திரும்பக் கொண்டுவர வேறு வண்டி சொல்லிக்கொள்கிறேன் என்றார். வேலையில் குறை இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

"ஆனா வருஷம் பூரா வச்சுக்க, சொன்னதைக் கேக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

"எனக்கும் சொன்னதைக் கேக்கிற முதலாளிதான் வேணும் சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மலை இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அழுதுகொண்டே கியர் மாற்றினாள். வீட்டுக்காரரைக் கூட்டிப்போகப் பள்ளி முற்றத்துக்கு வந்தால், அவரோடு, தட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த அண்ணனும் உட்கார்ந்திருந்தார். செய்தி முதலாளியிடமிருந்து போனில் வந்துவிட்டிருந்தது. திட்டவில்லை, தன்மையாகத்தான் பேசினார். முந்நூற்றைம்பது கிலோவுக்காக ஒரு வருடப் பிழைப்பை விட்டுவிட்டாய், போகட்டும், ஐந்து வாரம் எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும், ட்ரெய்லருக்கு நானே ஆள் பார்க்கிறேன் என்றார்.

"திங்கக்கெழம ஷெட்டுக்கு வந்துரு. நீ குடுத்த வாக்குதானே."

"அந்த வாக்கை நான் திரும்ப வாங்கிக்கிறேன்," என்றாள் கிலோக்கா.

அண்ணனுக்குப் புரியவில்லை. முந்நூற்றைம்பது கிலோவுக்கா இவ்வளவு வீம்பு என்றார்.

"நாலாயிரத்து முந்நூறு, அண்ணே."

அண்ணன் முகம் மாறிவிட்டது. பதினான்கு வருடமாக அந்த எண்ணை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்போது அண்ணனுக்கு ஒரே லாரி, அவர்தான் டிரைவர். பக்கத்தில் எப்போதும் ஒரு கூட்டாளி, இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிடுகிறவர்கள். ஒரு நாள் காலையில் பாரத்தோடு அவள் மேடையில் வந்து நின்றார்கள். எண் ஒளிர்ந்தது. அண்ணே, நாலாயிரத்து முந்நூறு கூட இருக்கிறது, இறக்கிவிட்டுப் போ என்று கூண்டிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாள். கூட்டாளி சிரித்துக்கொண்டே, எழுதிக் கொடு தங்கச்சி, ஒரு தடவைதானே என்றான். எழுதினாள், முத்திரை குத்தினாள், கொடுத்தாள். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அண்ணன் தையல் போட்ட தலையோடு வீட்டுக்கு வந்தார். கூட்டாளி வரவில்லை. அதற்கப்புறம் அண்ணன் லாரிகள் வாங்கினார், ஆட்கள் வைத்தார், ஸ்டியரிங்கை மட்டும் தொடவில்லை.

"விசாரிக்க வந்தவங்க அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு, எடையைச் சரியா எழுதியிருக்கீங்கம்மான்னு என்னைப் பாராட்டினாங்க. சரியாத்தான் எழுதினேன். ஒரு கிலோ கூடக் குறைக்கல. எழுதி, உங்க ரெண்டு பேர் கையில குடுத்து அனுப்பினேன்." கையிலிருந்த சாவியை உயர்த்திக் காட்டினாள். "அன்னிக்கு சாவி உங்கிட்ட இருந்துச்சு அண்ணே. இன்னிக்கு எங்கிட்ட இருக்கு. இதை வித்துட்டு, உன் ஷெட்ல வந்து உக்காந்து, இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்து அனுப்பச் சொல்ற?"

வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவளும் ஏறினாள். முற்றத்துக் கேட் சாத்தியிருந்தது, காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அண்ணன் நடந்து போய்த் தாழ்ப்பாளைத் தூக்கி, கேட்டின் இரண்டு பக்கத்தையும் அகலமாகத் திறந்து, ட்ரெய்லர் முழுக்க வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. ஒற்றைக் குதிரைக்காரர் ஒருவருக்கு மருத்துவமனை நடை இருந்தது. கிளம்புகிற நேரத்தில் அண்ணனின் லாரி டிரைவர் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தான். சட்டையைக் கொடுத்த கையோடு வீட்டுக்காரரிடம் புலம்பித் தீர்த்தான். தன் முதலாளியான அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது, மூட்டையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு எடைச்சீட்டை வாங்கிப் பார்த்தார், முந்நூறு கிலோ கூட என்று மொத்தச் சாலையும் பார்க்க இறக்க வைத்துவிட்டார், அதுவும் தானே நின்று, தன் கையாலேயே மூட்டை பிடித்து.

வாசலில் நின்ற கிலோக்கா எல்லாவற்றையும் கேட்டாள். ட்ரெய்லர் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தாள்.